மோப்பக்காரரின் வாளி

எதையும் முகர்ந்து பார்க்காமல் கையில் வாங்காததால் அவருக்கு மோப்பக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. போன வளர்ப்பில் நோய் வந்து அவர் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்ட குளத்து இறால் முழுக்கச் செத்து ஒதுங்கியது. இந்த முறையும் அப்படியானால் குளத்துச் சொந்தக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி இரண்டு பொட்டலங்களோடு வந்தான். ஒன்றில் பச்சைப் பாசித்தூள், இன்னொன்றில் புரோபயாடிக் பொடி.

"இதுல இருக்கிறது உயிருள்ள நல்ல கிருமி, அத்தான். ரெண்டையும் தண்ணியில கரைச்சு தீவனத்துல பிசறிப் போடுங்க. இறாலோட குடல் தேறிடும்."

"கிருமியால அழிஞ்ச குளத்துக்குக் கிருமியையே விக்கிற. பெரிய ஆள்தான் மாப்பிள்ளை நீ."

மனைவி முறைத்ததால் வாங்கிக்கொண்டார். சொன்னபடியே பிசறிப் போட்டார். ஆனால் தீவனத் தட்டைத் தூக்கும்போதெல்லாம் இறாலின் முதுகில் குடல்கோடு வெளிறி, அங்கங்கே அறுந்து தெரிந்தது. வாளியில் கரைத்த பாசியும் வெளுத்துப்போனது. வெறும் மாவுக்குச் சாயம் ஏற்றி விற்கிறான் என்று முடிவு கட்டி, மைத்துனனை வரவழைத்தார்.

"சர்க்கரைத் தண்ணியில பொடியைப் போட்டு மூடி வைங்க. காலையில நுரைக்கலேன்னா என்னைக் கேளுங்க" என்றான் அவன்.

தன் வாளியிலேயே கரைத்து, அக்கா தம்பிக்கு உதவிவிடக்கூடாதென்று தீவன அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். காலையில் வாளித் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"பாத்தியா, உன் தம்பி லட்சணத்தை."

மனைவி அடுக்களையிலிருந்து ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தாள். நுரை பொங்கி வழிந்தது.

"சோடா உப்பு போட்டியா?"

"அதே பொட்டலம்தான். நீங்க ஏதாவது தில்லுமுல்லு பண்ணுவீங்கன்னு அறையைப் பூட்டுறதுக்கு முன்னாடியே கொஞ்சம் எடுத்து நானும் ஒண்ணு கரைச்சு வெச்சேன்."

மைத்துனன் வாளிக்குள் குனிந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தான். "என்ன அத்தான், இப்படி பிளீச்சிங் பவுடர் நெடி அடிக்குது?"

நோய் வந்த நாளிலிருந்து, கிருமி ஒட்டக்கூடாதென்று பிளீச்சிங் பவுடர் கரைசலில் வாளியை முக்கியெடுத்து, அலசாமலே புழங்கிக்கொண்டிருந்தார். அவர் கை, சட்டை, தலையணை எல்லாவற்றிலும் அதே நெடி. அவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

"நல்ல கிருமியை வேலைக்குக் கூப்பிட்டு வாசல்லயே கொன்னிருக்கீங்க" என்றான்.

அன்றிலிருந்து பிசறல் மனைவியின் பாத்திரத்துக்கு மாறியது. கொஞ்சம் கொஞ்சமாக இறாலின் முதுகில் குடல்கோடு கருத்து, அறுபடாமல் ஓடத் தொடங்கியது. ஒருநாள் அவரே மைத்துனனை அழைத்து இன்னும் பொடி கேட்டார். புதிய பொட்டலம் வந்ததும் பிரித்து, பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனவர், சட்டென்று நிறுத்தி மனைவியிடம் நீட்டினார்.

"நீ மோந்து பாரு. அவன் பேச்சை நம்ப முடியாது."