நான்காவது பெயர்

இது நடந்தது. போன வருடம் மார்ச் 9-ஆம் தேதி இரவு, 11.40-க்கும் 3.05-க்கும் நடுவில். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. பேயைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், "என்ன சரக்கு அடிச்சீங்க?" என்று கேட்டுச் சிரிக்கிற ஆள் நான். அந்தச் சிரிப்பு இப்போது வருவதில்லை. கம்பெனி பெயரையும், நாங்கள் போய்ச் சேர்ந்த தீவு நாட்டின் பெயரையும் சொல்ல மாட்டேன். மற்றதெல்லாம் உள்ளது உள்ளபடி.

திருப்பூரில், அவிநாசி ரோட்டில், ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக நான் மேனேஜர். ஆள் சேர்ப்பது, வருகைப் பதிவு, அரசாங்கப் பேப்பர் எல்லாம் என் மேஜைதான். முதலாளி தங்கதுரை. அவர் மகன் நித்தீஷ். சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் வேலை பார்த்தறியாத பையன். கோவாவில் மூன்று மாதம் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டான். உடனே ஒரு பழைய படகை வாங்கி, கொச்சியிலிருந்து கடலைத் தாண்டி இன்னொரு நாட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். எல்லாம் ரீல்ஸ் போடத்தான். உண்மையில் படகை ஓட்டியவர் தூத்துக்குடிக்காரர் வேல்குமார். என்னைக் கூட்டிப் போனது பேப்பர் எழுத. ஒரு ஃபாரம் நிரப்பக்கூட அந்த மகாராஜாவுக்குத் தெரியாது.

இருபத்திரண்டு நாள். பாதி நாள் வாந்தி எடுத்தேன். மீதி நாள் அவனுக்குக் கேமரா பிடித்தேன்.

மார்ச் 9, மாலை 6.40. தீவு வந்தது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டோம். புது நாட்டுக்குப் படகில் போனால் ஒரு முறை உண்டு. மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். 'வந்திருக்கிறோம், இன்னும் அனுமதி வாங்கவில்லை' என்று அர்த்தம். அதிகாரிகள் வந்து பார்க்கும் வரை யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. படகில் இருக்கும் தலைகளும் பட்டியலில் இருக்கும் பெயர்களும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் படகோடு எங்களையும் பிடித்து வைத்துவிடுவார்கள்.

நித்தீஷ் பையிலிருந்து கொடியை எடுத்தான். போர்வை அளவு இருந்தது. பனியன் துணியில் தைத்த கொடி!

"இதுக்குன்னே கடையில விப்பாங்களே தம்பி," என்றார் வேல்குமார்.

"பனியன் கம்பெனிக்காரன் கொடியை வெலைக்கு வாங்குவானாங்ணா? கட்டிங்ல ஒரு துண்டு சும்மா கெடந்துச்சு. தைக்கச் சொல்லிட்டேன்."

அந்தத் துண்டை எனக்குத் தெரியும்.

முந்தைய ஆகஸ்டில், நைட் ஷிஃப்டில், ஒரு பெண் மயங்கி விழுந்தாள். செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனில் தொங்கும் நூலை டிரிம்மரால் நறுக்க வேண்டும். பெயர் சண்முகப்பிரியா. வயது பத்தொன்பது. தெற்கேயிருந்து காண்ட்ராக்டர் கூட்டி வந்த ஆள். எந்த ஊர் என்றுகூட நான் கேட்டதில்லை. சேர்ந்து ஒன்பது நாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. கட்டிங் மேஜையில் கிடந்த மஞ்சள் துணியை எடுத்து மூடினார்கள். உடம்பு போனதும் துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். எங்கள் முதலாளி எதையும் வீணாக்க மாட்டார்.

"அந்தப் புள்ள பேரு நம்ம கம்பெனில எங்கீமே இருக்கக் கூடாதுங்க. புரிஞ்சுதுங்ளா?" என்றார் தங்கதுரை. எங்கள் பக்கம் அக்கிரமத்தைக்கூட மரியாதை குறையாமல்தான் செய்வார்கள்.

அழித்தேன். வருகைப் பதிவு, டோக்கன் நம்பர், எல்லாவற்றையும். பஸ் ஸ்டாப்பில் விழுந்து கிடந்தாள் என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் அவள் அப்பா வந்தார்.

"எம் மவ இங்கனதான சார் வேல பாத்தா? வேற ஒண்ணும் வேண்டாம். பேரு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

கம்ப்யூட்டரில் தேடுவது போல் பாவனை செய்தேன். "இல்லீங்க," என்றேன். மூன்று நாள் கேட் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பின் வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன். இப்போது என்னை நினைத்தால் எனக்கே காறித் துப்பலாம் போலிருக்கிறது. அப்போது அப்படி இல்லை. நன்றாகவே தூங்கினேன்.

கொடி ஏறியது. துணி தன் கனத்திலேயே இழுபட்டு, மேல்தளம் வரை தொங்கியது. நித்தீஷ் அதற்கு முன்னால் நின்று பதினேழு போட்டோ எடுத்துக்கொண்டான்.

இரவு 11.40. இருவரும் தூங்கிவிட்டார்கள். காவல் எனக்கு. காற்றே இல்லை. காலில் ஏதோ ஒட்டியது. டார்ச் அடித்தேன். நூல். அரை விரல் நீளத்துக்கு, நறுக்கின மஞ்சள் நூல் துண்டுகள். ஒரு கொடி தைக்கக்கூடத் துப்பில்லாத கம்பெனி என்று திட்டிக்கொண்டே கூட்டித் தள்ளினேன்.

12.55. மறுபடியும் நூல். முன்பைவிட அதிகம்.

1.30. சத்தம். கிட்... கிட்... கிட்... டிரிம்மர் சத்தம் அது. பதினோரு வருடம் கேட்ட காதுக்குத் தெரியாதா? கயிறு எங்கோ உரசுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தம் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கீழே கேபினுக்கு இறங்கினேன். காலையில் கொடுக்க வேண்டிய பட்டியலை எழுத உட்கார்ந்தேன். வேலை செய்தால் பயம் போகும் என்று நினைப்பு.

2.46. நித்தீஷ் பெயர். வேல்குமார் பெயர். என் பெயர். மூன்று.

மேஜைக்கு எதிரே யாரோ வந்து நின்றார்கள்.

"சார்..."

என் மேஜைக்கு முன்னால் ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்து நிற்பார்கள். ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்தத் திமிர் பழகிப் போய்விட்டது. தலையைத் தூக்காமலே கேட்டேன்.

"பேரு?"

சொன்னாள்.

எழுதினேன்.

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. இது கம்பெனி இல்லை... கடல்.

நிமிர்ந்தேன். யாரும் இல்லை. பேப்பரில் நான்காவது வரி. என் கையெழுத்து. சண்முகப்பிரியா.

மேலே ஓடினேன். தாளைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கடலில் போட்டேன்.

திரும்பினேன்.

காற்று இல்லை. ஆனால் கொடி சும்மா தொங்கவில்லை. எதையோ போர்த்தியிருந்தது.

பனியன் துணி உடம்போடு ஒட்டும். அதற்காகத்தான் வாங்குகிறார்கள். நெற்றி தெரிந்தது. மூக்கு தெரிந்தது.

வாய் இருக்கும் இடத்தில் துணி உள்ளே போனது...

வெளியே வந்தது...

உள்ளே போனது...

3.05.

துணி சட்டென்று தளர்ந்தது.

தண்ணீரில் சத்தம். சளக்... சளக்... சளக்... கரைப் பக்கமாகப் போய் நின்றுவிட்டது.

காலை 8.20-க்கு அதிகாரிகள் வந்தார்கள். புதிதாக எழுதிய பட்டியலைக் கொடுத்தேன். மூன்று பெயர். மூன்று தலை. முத்திரை குத்தினார்கள். கொடியை இறக்கினோம். நித்தீஷ் கரையில் குதித்து, கடலை ஜெயித்துவிட்டேன் என்று கேமராவைப் பார்த்துக் கத்தினான். படகை அங்கேயே விட்டுவிட்டு, நான்காம் நாள் விமானத்தில் ஊர் திரும்பினோம். தூக்கக் கலக்கம், கனவு என்று முடிவு கட்டினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஜூன் 23. காலை 10.15. அந்த நாட்டுக் குடியேற்றத் துறையிலிருந்து கம்பெனிக்கு ஒரு மெயில்.

உங்கள் படகில் வந்தவர்கள் நான்கு பேர். மூவர் திரும்பிவிட்டார்கள். ஒருவருடைய தொண்ணூறு நாள் அனுமதி முடிந்துவிட்டது. அவர் எங்கே இருக்கிறார் என்று உடனே தெரிவிக்கவும்.

கூடவே பட்டியலின் நகல். நான் கிழித்துப் போட்ட அதே தாள். ஒரு கிழிசல் இல்லை. மேலே முத்திரை.

நான் எழுதியது பெயர் மட்டும். இதில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, என் கையெழுத்திலேயே. வேலை: செக்கிங். வேலை பார்க்கும் இடம்: எங்கள் கம்பெனி, முழு விலாசத்தோடு. வீட்டு விலாசம்: ஒட்டப்பிடாரம் பக்கத்தில் ஒரு ஊர். தெரு. கதவு எண். தகப்பனார் பெயர்.

மெயிலின் கடைசி வரியை மூன்று முறை படித்தேன். முத்திரையிட்ட பட்டியலின் ஒரு பிரதி, மேற்படி வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்பப்பட்டுள்ளது.

அனுப்பிய தேதி ஜூன் 10. பதின்மூன்று நாள் ஆகியிருந்தது.