தொண்டையில் ஒரு கரிய கோடு

முருங்கை பூத்திருந்த ஒரு காலையில், பால்கனியிலிருந்து அந்தத் தேன்சிட்டைப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. மேலே மங்கிய பழுப்பு, கீழே மஞ்சள். ஹாலில் உட்கார்ந்திருந்த மகளிடம், "பெண் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு" என்று எல்லாம் தெரிந்தவன் போலச் சொன்னேன்.

எனக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தப் பெயரும் எப்போதோ அவள் சொல்லிக் கேட்டதுதான். பறவை பார்ப்பவள் அவள்தான். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து விடிகாலையிலேயே ஸ்கூட்டரில் அடையாறு முகத்துவாரத்துக்குப் போய்விடுவாள். அப்படிப் போய்த் திரும்பும்போதுதான் ஒரு வேன் இடித்துக் கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்குள் மட்டும்தான் நடந்தாள். மாதங்கள் போயும் தெருவில் கால் வைக்கவில்லை. வா என்று கூப்பிட எனக்கும் தைரியம் இல்லை. இப்போதும் வாசலில் பிரேக் சத்தம் கேட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன். அலமாரியில் கிடந்த அவளுடைய பைனாகுலரை நான் எடுத்ததே, அவளோடு பேச ஏதாவது வேண்டுமே என்றுதான்.

"தொண்டை என்ன கலர்?" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மஞ்சள்."

"அப்போ ஊதாப்பிட்டு இல்லப்பா. அதுல பொண்ணுக்குத் தொண்டை வெளுப்பா இருக்கும். மார்புதான் மஞ்சள். இது ஊதாத் தேன்சிட்டா இருக்கலாம். அலகு ரொம்ப நீளமா?"

"அலகு அலகு மாதிரி இருக்கு."

அவள் சிரித்தாள். அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

பிறகு அவளே பால்கனிக்கு வந்தாள். பெண் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று என்னைக் குடைந்தாள். ஊதாத் தேன்சிட்டில் ஆண் கருநீலமாக மின்னுமாம். ஆனால் குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் அந்த இறகுகள் உதிர்ந்து, பெண்ணைப் போலவே மஞ்சளாகிவிடுமாம். தொண்டையிலிருந்து வயிறு வரை நடுவே ஒரு கரிய கோடு மட்டும் இருக்கும்.

"இறக்கை கொஞ்சம் கருப்பாத் தெரியுது. அதை மட்டும் வச்சு சொல்ல முடியாது. கோட்டைப் பாக்கணும்."

எங்கள் வீடு இரண்டாவது மாடி. சிட்டோ எங்களுக்குக் கீழே கிளையில் இருந்தது. எப்போது பார்த்தாலும் முதுகும் பக்கவாட்டு மஞ்சளும்தான் தெரிந்தன; நெஞ்சின் நடுப்பகுதி தெரியவில்லை.

"கீழ போய்ப் பாத்தாத்தான் தெரியும்," என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் போனேன்.

மரத்தடியில் இஸ்திரி போடும் அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா சார், கீரை வோணுமா? கேட்டா நானே ஒடிச்சுத் தருவேன். இன்னாத்துக்கு இம்மாம் பெரிய கண்ணாடி?"

"குருவிம்மா."

"குருவியா! நான்கூட மேல் வூட்டு ஜன்னலைப் பாக்கறியோன்னு பயந்துட்டேன்."

மேலேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "கோடு இருக்கா?"

"என்னமோ கருப்பாத் தெரியுது. கிளையோட நிழலோ என்னவோ!"

"நிழல்னா அது நகரும்போது மாறும்ப்பா! மாறுதா?"

"அது ஒரு இடத்துல நின்னாத்தானே!"

"ஐயோ, உங்கள வச்சுக்கிட்டு..."

அதற்குப் பிறகு பால்கனியில் ஆள் இல்லை. கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள் என்று நினைத்தேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கி வந்தாள். தாங்கிக்கொள்ளப் போன கையை நான் பாதியிலேயே மடக்கிக்கொண்டேன். வந்த வேகத்தில் பைனாகுலரை என் கழுத்திலிருந்து பிடுங்கினாள்.

"அட, பாப்பா எறங்கி வந்துச்சே!" என்றார் இஸ்திரி அம்மா.

"ஷ்ஷ், பறந்துடும்க்கா."

சிறிது நேரம் அண்ணாந்து பார்த்தாள். "கோடுதான். நல்லா அழுத்தமா இருக்கு. இது ஆண்ப்பா." பைனாகுலரை என்னிடம் நீட்டினாள். அதற்குள் சிட்டு கிளம்பி, எதிர்வீட்டுத் தங்க அரளிக்குப் போய்விட்டது.

நான் சிட்டைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தேன். ஓர் ஆட்டோ போனது, பின்னால் ஒரு தண்ணீர் லாரி. அவள் தெரு ஓரத்தில் நின்றாள். தோள் விறைத்திருந்தது. ‘போதும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று வாய் வரை வந்தது. லாரி கடந்ததும் வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள், மறுபடியும் வலப்பக்கம் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

அரளிக்கடியில் போய் நின்று திரும்பினாள். நான் இன்னும் இந்தப் பக்கமே நின்றிருந்தேன்.

"ரோடு காலியாத்தான் இருக்கு, வாங்கப்பா!" என்று கை அசைத்துக் கூப்பிட்டாள்.