கிடங்கு தெரியாத கார்

ஊர்காவற்றுறையில் படகு இயந்திரம் திருத்துகிறவன் நான். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தும் எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. நாலு அலை ஏறி இறங்கினால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் கரையிலே நின்று மற்றவர்களின் இயந்திரங்களைத் திருத்தி, அந்த உழைப்பில் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினேன். வாங்கினதோடு நின்றிருந்தால் நான் மனுசன். தெற்கே ஒரு பழைய விமான ஓடுபாதையில், சில ஞாயிற்றுக்கிழமைகளில், யாரும் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டலாம் என்று ஒருவர் சொன்னார். போட்டி கிடையாது. பரிசு கிடையாது. கைதட்டக்கூட ஆள் இல்லை. ஒருமுறை போனேன். அதோடு பிடித்தது விசர்.

சாதாரணக் காரை அந்த வேகத்தில் வளைவில் திருப்பினால் அது ஒரு பக்கம் சரிந்து, ரயரின் விளிம்பிலேயே நின்று கத்தும். நான் ரயரின் ஓரத்தில் வெண்கட்டியால் கோடு போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் கோட்டைக் காணோம். அவ்வளவு தூரம் ரயர் மடிந்து தேய்ந்திருந்தது. அதற்குப் பிறகு கடினமான ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குகிற, திருகி இறுக்கக்கூடிய சொக், விறைப்பான தாழ்ந்த ரயர் என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். போட்டால் மட்டும் போதாது. நாலு சில்லும் எவ்வளவு பாரம் சுமக்கின்றன என்று நிறுத்து, ஸ்பிரிங்கைத் திருகித் திருகி ஒரு சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கென்று இருக்கிற தராசை நான் எங்கே காண்பது? ஆள் நிறுக்கிற தராசுகளைப் பலகையோடு சேர்த்து, நானே ஓர் ஒழுங்கு செய்தேன். சில்லுகள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கக் காரின் இரண்டு பக்கமும் தங்கூசி இழுத்துக் கட்டுவேன். வலைக்குப் போடுகிற அந்த நைலோன் நூலை நான் காருக்குக் கட்டுவதைப் பார்த்து, என் அண்ணன்மார் சிரித்தே செத்தார்கள்.

இதிலே ஒரு சிக்கல் இருந்தது. ஓட்டுகிறவன் இருக்கையில் இருக்கும்போதுதான் காரை நிறுக்க வேண்டும். ஓட்டுகிறவன் நான். நிறுக்கிறவனும் நான். ஆகவே என்னுடைய இடத்தில் என் மனைவியை இருத்தினேன். அவள் என்னைவிடப் பாரம் குறைவு. குறைந்ததை ஈடுகட்ட, ஒரு சிறிய பை அரிசியை மடியில் கொடுத்தேன். முதல் தடவை இரண்டையும் நிறுத்துப் பார்த்தோம். அவளும் அரிசிப் பையும் சேர்ந்தால் அச்சொட்டாக நான்.

"ஊரிலை மனுசர் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் எண்டு கார் வைச்சிருக்கினம். நீங்கள் நிறுக்கிறதுக்கு வைச்சிருக்கிறியள்" என்பாள்.

"நீர் கொஞ்சம் ஆடாமல் இரும்."

"மூச்சு விடலாமோ? இல்லாட்டி அதுக்கும் உங்கடை கணக்கிலை இடம் இல்லையோ?"

வாய்தான் அப்படி. ஒரு நாளும் ஏலாது என்று சொன்னதில்லை. வெயிலில் அந்தப் பையைக் கட்டிப்பிடித்தபடி, நான் முடித்து எழும்பும்வரை இருப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சத்தம் என்றால் என்னுடைய கத்தலும் அவளுடைய நையாண்டியும்தான்.

பிறகு ஒரு வருடம், மறுபடியும் தெற்கே போக ஆயத்தம் செய்தபோது கணக்கு உதைத்தது. பழைய இலக்கங்கள் எனக்கு மனப்பாடம். இப்போது வலது பக்கம் குறைந்திருந்தது. தராசுகளை இடம் மாற்றினேன். பலகை வளைந்துவிட்டது என்று புதுப் பலகை வைத்தேன். பெற்றோல் குறைந்ததோ என்று தாங்கியை முட்ட நிரப்பினேன். சீமெந்துத் தரை தாழ்ந்திருக்கும் என்று குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தேன். ஸ்பிரிங்கில்தான் கோளாறு என்று கழற்றி மாட்டினேன். அதுவும் மடத்தனம். ஸ்பிரிங்கைத் திருகினால் பாரம் ஒரு சில்லிலிருந்து இன்னொரு சில்லுக்கு மாறுமே தவிர மொத்தத்தில் குறையாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் கழற்றினேன், கோபத்தில். மூன்றாம் நாளும் அவள் பையோடு இருக்கையில் இருக்க, நான் நட்டுத் திருகுகிற திறப்பைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன்.

"என்ன கோதாரியடாப்பா! கார் மெலிஞ்சு போச்சோ?"

அவள் பையை மெதுவாகப் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

"கார் இல்லையப்பா. நான்தான்."

சட்டைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்துவிட்டாளாம். சாப்பாடு இறங்குவதில்லையாம். கொஞ்ச நாளில் சரிவரும் என்று நினைத்தாளாம். நான் அந்தத் தராசில் ஒன்றை இழுத்து அவளுக்கு முன்னால் வைத்தேன். அவள் ஏறினாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

வயிற்றில் தொடங்கிய வருத்தம் முள்ளந்தண்டுக்கும் போய்விட்டது என்று யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றிலிருந்து கிழமைக்குக் கிழமை அவளை அங்கே கொண்டுபோக வேண்டியிருந்தது. பந்தயக்காரன் போல நான் விறைப்பாக்கி வைத்திருந்த கார் சிறு கல்லையும் அப்படியே முதுகுக்கு அனுப்பும். வழியில் வேலணையில் தார் பெயர்ந்து பள்ளமான கிடங்குகளில் அவள் சால்வைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். மண்கும்பானுக்கு வர முன்னர் வாய்விட்டு அழுதுவிட்டாள். காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஸ்ரியறிங்கில் நெற்றியை அடித்தேன். அடுத்த முறை வாடகைக்கு ஒரு வான் பிடித்தோம். அது இன்னும் மோசம்.

அதற்குப் பிறகு நான் காருக்குக் கீழேதான் கிடந்தேன். கடின ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் பழையவற்றைப் போட்டேன். தடித்த ரயர்கள் தேடி வாங்கிக் காற்றைக் குறைத்தேன். சொக்கைக் கடைசி வரைக்கும் இளக்கினேன். அப்படியே இளக்கியதும் பிழை. ஒரு மேட்டில் ஏறினால் கார் நிற்காமல் ஆடியது. அவள் குடித்த கஞ்சியைச் சத்தி எடுத்தாள். திரும்பக் கொஞ்சம் இறுக்கினேன்.

"முன்னாலை இப்ப சரி. பின்னாலைதான் தூக்கிப் போடுது" என்றாள் ஒருநாள்.

"ஏறேக்கையோ இறங்கேக்கையோ?"

கண்ணை மூடி யோசித்தாள். "இறங்கினாப் பிறகு. ஒருக்கா இறங்கிப் போட்டு, இன்னொருக்கா உதைக்குது."

ஓடுபாதையில் இவ்வளவு துல்லியமாக எனக்கே சொல்ல வராது. பின் சொக்கை ஒரு பல் இறுக்கினேன். அடுத்த கிழமை அந்த உதை இல்லை. இப்படியே அவள் சொல்லச் சொல்ல நான் திருகினேன். அவள் "ஐயோ" என்று சொன்ன ஒவ்வோர் இடமும் எனக்கு நினைவில் இருந்தது. பண்ணைப் பாலம் தெருவோடு பொருந்துகிற விளிம்பு, அல்லைப்பிட்டித் திருப்பம், மண்கும்பான் வேகத்தடை, வேலணைக் கிடங்குகள்.

"மனுசி வருத்தத்திலை கிடக்குது, இவன் காருக்குக் கீழை கிடக்கிறான்" என்று ஊர் கதைத்தது. கதைக்கட்டும். வேறு என்ன எனக்குத் தெரியும்? செபமாலை சொல்ல எங்களோடு வந்திருந்த அவளுடைய அக்கா இருந்தார். நான் நட்டுத் திருகினேன். மருந்து அவளுக்கு என்ன செய்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஸ்பிரிங் என்ன செய்கிறது என்று விளங்கியது.

"இனி எப்ப ஓடப் போறியள்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இந்தக் கார் இனி உதுக்கு ஏலாது."

"என்னாலை உங்கடை காரும் பழுதாப் போச்சு."

"வாயை மூடிக்கொண்டு கிடவும்" என்று கத்தினேன். கத்திவிட்டு வெளியே போய் அழுதேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா கட்டிலை ஒழுங்கு செய்ய முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். நான் அவளைத் தூக்கி வந்து இடது பக்க இருக்கையைச் சாய்த்துப் படுக்கவைத்தேன். முதல் நாள்தான் சில்லுப் பக்கத்து றபர்களை எல்லாம் மாற்றியிருந்தேன். பாலத்துக்கு வந்ததும், "கண்ணாடியை இறக்கிவிடுங்கோ, காத்து வரட்டும்" என்றாள். இறக்கிவிட்டேன். இரண்டு பக்கமும் கடல் மட்டமாகக் கிடந்தது.

பாலத்தின் விளிம்பு வந்தது. அவள் "ஐயோ" சொல்லவில்லை. அல்லைப்பிட்டித் திருப்பத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு ஓடினேன். சத்தம் இல்லை. மண்கும்பான் வேகத்தடையில் கார் ஏறி, இறங்கி, ஒருதரம் அமர்ந்து, பிறகு ஆடாமல் ஓடியது. பார்த்தேன். கண்ணை மூடிக்கிடந்தாள். முகத்தில் நோவு இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை மாதமாக அவள் இப்படி நோகாமல் நித்திரை கொண்டு நான் பார்த்ததில்லை.

வேலணையில் எதிரே பஸ் வந்ததால் பெரிய கிடங்கு ஒன்றை விலத்த முடியவில்லை. முன் சில்லு விழுந்து எழும்பியது. பின் சில்லும். அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"பாத்தீரே? கிடங்கு தெரியேல்லை!" என்றேன். "இப்பதான் கார் சரிவந்திருக்கு. இனி எங்கை வேணுமெண்டாலும் போகலாம்."

நித்திரை குழம்பக்கூடாது என்று பிறகு குரலைத் தணித்துக்கொண்டேன். ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. பின் சொக்கில் என்ன செய்தேன், றபரை ஏன் மாற்றினேன், காற்று எவ்வளவு விட்டேன் என்று வீடு வரைக்கும் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

படலையைத் திறந்துவிட்ட அக்கா ஓடிவந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். கையைப் பிடித்தார். பிடித்த கையை விடாமல் கன்னத்தைத் தொட்டார், மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு காருக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எந்த இடத்திலை, தம்பி?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.