கண்ணாடிக் குழாய்க்கு மேலே இரண்டு அடி

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனாமாவில் ஓர் அரபுக்காரரின் வில்லாவில், நீராவிக் குளியலறைக்காகச் சின்ன பாய்லர் பொருத்தினோம். வீட்டுக்காரரின் தாயாருக்கு மூட்டுவலி. பாய்லருக்குள் நிற்கும் தண்ணீரின் மட்டத்தை வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் காட்டும். அதற்கு மேல் இரண்டு அடியாவது ஏறிய பிறகுதான் ஆவிக் குழாய் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். இல்லையென்றால் கொதிநீரும் ஆவியோடு போய்விடும்.

கூரை தாழ்வானது. மேல்குழாயைக் கூரையை ஒட்டி முதலில் மாட்டினோம். பாய்லர் தரையில் நிற்கும் என்ற கணக்கில் சரியாக இரண்டு அடி கிடைத்தது. பாய்லர் வருவதற்குள் கொத்தனார் அதற்கொரு மேடை கட்டிவிட்டார். இங்கே தரையை ஹோஸ் பிடித்துக் கழுவுவார்கள். அதனால் மிஷின்களை மேடையில்தான் வைப்பார்கள். நாங்களும் அதன்மேல் பாய்லரை ஏற்றி, மேல்குழாய்வரை ஏறும் நடுக்குழாயைக் குட்டையாக வெட்டி இணைத்தோம். தண்ணீர் மட்டமும் கூடவே ஏறி, அந்த இரண்டு அடி குறைந்துபோனதை யாரும் நினைக்கவில்லை.

சோதித்துப் பார்க்கும் நாளில், குளியலறை வாசலில் நான் நின்றேன். கொஞ்ச நேரத்தில் குழாய் சுத்தியல் அடிப்பதுபோல இடித்தது. ஆவி வாயிலிருந்து உட்காரும் திண்டின்மேல் வெந்நீர் தெறித்தது.

பாய்லர் அறையிலிருந்து ஃபோர்மேன் அண்ணன் கத்தினார்: "கண்ணாடியில தண்ணி குதிக்குதுடா! ஆஃப் பண்ணிட்டேன், அடங்க நேரமாவும். யாரையும் உள்ள விடாத!"

அப்போது தாயார் தோளில் துண்டோடு, சுவரைப் பிடித்தபடி தனியாக வந்தார். வீட்டுப் பெண்கள் வந்தால் நாங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிவிட வேண்டும். திரும்பினேன். செருப்புச் சத்தம் வாசல்வரை வந்தது. முகத்தைத் திருப்பாமலே கையைக் குறுக்கே நீட்டினேன்.

"மாஃபி, மாமா! மாஃபி!" வீட்டம்மாவை இங்கே மாமா என்போம்; மாஃபி என்றால் கூடாது.

"யல்லா! யல்லா!" நகரு என்று துண்டால் என் கையில் ஓர் அடி. இன்னொன்று. கையை எடுக்கவில்லை. என் முழங்கைக்குக் கீழே குனிந்து நுழையப் பார்த்தார். வேறு வழியில்லாமல் திரும்பி அவர் முகத்தைப் பார்த்து, "கரம் பானி, மாமா!" என்று, வெந்நீர் என்பதை எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். எனக்கே அந்தக் குரல் புதிது.

அதே நேரம் உள்ளே கொதிநீர் சீறித் திண்டில் விழுந்தது. அவர் பார்த்தார். பின்வாங்கி, முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

அண்ணன் ஓடிவந்தார். "மேல பட்டுச்சா?"

"இல்லண்ணே. என்னைத்தான் அடிச்சாங்க."

"எதால?"

"துண்டால."

"துண்டுதானே? தோலு உரியலல்ல, போ!" என்றார். ஆனாலும் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மேடையை உடைத்துப் பாய்லரைத் தரையில் இறக்கி, நீளமான நடுக்குழாய் போட்டோம். மறுபடி ஓட்டியபோது சொட்டு நீர்கூட வரவில்லை. தாயார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் வெளியே வரும்வரை நாங்கள் இருவரும் உட்காரவே இல்லை.

குதைபியா, வெள்ளிக்கிழமை, 8 மார்ச் 2024.