அப்துல் ஹமீட் சத்தியம் செய்த உத்தியோகம்

சட்டத்தரணிக்குக் கட்சிக்காரனைப் பிடித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்துல் ஹமீடை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

கல்முனை பிரதான வீதியில் அந்த இரண்டு மாடிக் கடைத்தொகுதி அவன் மனைவி றுகையாவுக்கு அவளுடைய வாப்பா சீதனமாக எழுதிக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். ஆனால் தேநீர்க் கடையில் உட்கார்ந்து “என்ட கட்டடம், என்ட கட்டடம்” என்று வருடக்கணக்காகப் பீற்றியவன் ஹமீட். றுகையாவை அதன் படியில் கால் வைக்கவும் விட்டதில்லை. “பொம்புளைக்கு அங்க என்ன வேலை?” என்பான்.

தொண்ணூற்றாறில் மேல்மாடிச் சுவர் பூச நற்பிட்டிமுனை மேசன் சின்னப்போடியைப் பிடித்தான். சாரம் கட்ட நல்ல மரம் எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. பழைய வேலியில் பிடுங்கிய கம்புகளைக் கொடுத்தான். கம்பு முறிந்து, விழுந்த சின்னப்போடியின் இடுப்பும் முறிந்தது. இந்த மகராசன் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. சின்னப்போடி நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டான். ஊர் சொன்னதை நம்பி, ஹமீட்தான் கட்டடச் சொந்தக்காரன் என்று போட்டுவிட்டான்.

அந்த ஓட்டை எனக்குப் போதும். ஹமீட் கூண்டில் ஏறினான்.

“கட்டடம் என்ட பொஞ்சாதிட, ஐயா. அவ சொல்றதச் செய்யிற ஆள்தான் நான். அந்தக் கம்பக் குடுக்கச் சொன்னதும் அவதான்.”

கம்பைப் பற்றிச் சொன்னது பச்சைப் பொய். நான் சொல்லிக் கொடுத்ததும் அல்ல. அவனுக்கு வாய் கூசவில்லை. வழக்குத் தள்ளுபடியானது. சின்னப்போடி ஊன்றுகோலோடு படியிறங்கிப் போவதைப் பின்வரிசை வாங்கில் இருந்த றுகையா பார்த்துக்கொண்டிருந்தாள்.

வென்ற களிப்பில் ஹமீட் என்னைச் சாப்பிட வீட்டுக்கு அழைத்துப் போனான். எங்களுக்கு முன்னே வந்துவிட்ட றுகையா வாசலிலேயே கையை நீட்டினாள்.

“கடைச் சாவியத் தாங்க.”

“என்னத்துக்குப் புள்ள?”

“நான் சொல்றதச் செய்யிற ஆள் எண்டு அல்லாஹ்ட பேரால சத்தியம் பண்ணினீங்களே. சொல்றன், தாங்க.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். கோட்டுக் கூண்டில் சத்தியம் செய்து சொன்னதை வீட்டில் மாற்ற முடியாது என்றேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சின்னப்போடி இனிச் சாரத்தில் ஏறமாட்டான். கடைத்தொகுதிக்கு இப்போது அவன்தான் மனேஜர். ஹமீட் மேல்மாடிக்குப் போவதென்றால் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறான்.