ஓடையில் என்ன நிறம்

பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலில் எனக்கு மூச்சு அடைத்தது. நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்துப்போயின. செத்தேன் என்றே நினைத்தேன். சூப்பர்வைசர் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

இதயத்தில் கோளாறில்லை, இது பீதித் தாக்கு (காரணமில்லாமல் திடீரென வரும் உயிர்பயம்) என்றார் டாக்டர். காரணமில்லாமலாம். என் வீட்டுக்காரர் செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மாத்திரையில் தூக்கம் வந்தது, மூச்சடைப்பு போகவில்லை. வேலைக்குப் போகாமலிருக்க நான் வேஷம் போடுவதாக மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லி வந்தார். கடைசியில் டாக்டர் மனநல ஆலோசனைக்கு (பேசிப் பேசி மனதைத் தேற்றும் சிகிச்சை) எழுதிக் கொடுத்தார்.

ஆலோசகர் சென்னைப் பெண், சின்ன வயது. நல்ல பெண்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் பெரிய அருவிப் படம். என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"உங்க மனசை ஒரு ஓடைன்னு நினைச்சுக்கோங்க. கவலையெல்லாம் அதுல விழுந்த இலை. பிடிக்காதீங்க, மிதந்து போகட்டும்."

ஓடை எப்படி இருக்கிறது என்று கேட்டார். சிவப்பாகப் போகிறது என்றேன். சிவப்பு என்றால் உள்ளே அடக்கிய கோபம் என்று விளக்கினார். முந்தாநாள் கருப்பாகப் போனது என்றேன். அது துக்கமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, கண்ணைத் திறந்துவிட்டேன்.

"மனசு இல்லீங்க மேடம். அது சாயத்தண்ணிங்க. எங்க ஊட்டுக்குப் பின்னால ஓடுது."

எனக்குத் தெரிந்த ஓடை அது ஒன்றுதான். பக்கத்துச் சாயப்பட்டறையில் அன்றைக்கு எந்தச் சாயமோ, அந்த நிறத்தில் வரும். அந்தப் பட்டறையின் கழிவுத் தொட்டியைக் கழுவ இறங்கியபோதுதான் என் வீட்டுக்காரர் விஷவாயுவில் போனார். மூக்குக்கு ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான் பாதுகாப்பு. குடித்துவிட்டு விழுந்துவிட்டார் என்றார் முதலாளி. டீயைத் தாண்டி எதையும் தொடாத மனுஷன் அவர். ஊரும் முதலாளி சொன்னதைத்தான் நம்பியது. காரியம் முடியுமுன்னே பட்டறை ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தத் தண்ணீரில் நான் கவலையை மிதக்கவிட வேண்டுமாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் சுவரிலிருந்த அருவிப் படத்தைப் பார்த்தார்.

"சரி... அப்போ மலைன்னு வச்சுக்கலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க அழுகையாகிப்போனது. வீட்டுக்காரர் போன பிறகு நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். ஆலோசகர் மலையை விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு வேலை செய்த வைத்தியம் அதுதான்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். பேசப் போங்கள். ஆனால் காரணமில்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூச்சடைப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. முன்பெல்லாம் வந்தால் உடம்பை உதறி அதைத் தள்ளப் பார்ப்பேன். இப்போது அசையாமல் உட்கார்ந்துவிடுகிறேன். தொட்டிக்குள் அவருக்கு இப்படித்தான் இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் எனக்கு மூச்சு திரும்பிவிடுகிறது. எனக்கு மட்டும் திரும்புகிறதே என்றுதான் ஆத்திரமாக வருகிறது.