பின்பாட்டுக்காரி

என் பெரிய நாத்தனாருக்கு வீட்டில் எல்லோரும் வைத்த பெயர் பின்பாட்டு. அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டாள். அவளிடம் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான். சின்ன நாத்தனார் பரதநாட்டியம் ஆடுவாள். கைதட்டல் எல்லாம் அவளுக்கு. பெரியவள் மேடை ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடுவாள்.

பகலில் பெரியவளுக்குப் பல் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை. நாளெல்லாம் கத்திவிட்டு வந்து, வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்துவிட்டுப் பாட உட்காருவாள். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுச் சின்னவள் ஆடத் தொடங்கினால், கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். அவரும் ஒரு பக்கவாத்தியம்தான் என்பேன் நான்.

சின்னவளுக்குக் கை கால் அத்தனையும் அழகு. ஞாபகம்தான் ஓட்டை. ஆடிக்கொண்டே இருப்பவளுக்கு அடுத்தது என்னவென்று மறந்துபோகும். அதனால் பெரியவள் பாடும்போது தங்கை முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். அந்த முகம் லேசாக மாறினால் போதும், அதே அடியை மறுபடி எடுப்பாள். இழைப்பாள், குழைப்பாள், தங்கைக்கு நினைவு வரும்வரை நகரவே மாட்டாள். "அடடா, ஒரே வரியை எத்தனை விதமா ஆடுது பொண்ணு!" என்று ஜனங்கள் உருகுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊருக்கு வெளியே ஆயிரம் வருஷத்துக் கல்மண்டபம் ஒன்று இருக்கிறது. கூரை போய்விட்டது, தூண்கள் மட்டும் நிற்கின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை அந்தத் தூண்களுக்கு விளக்குப் போட்டு நாட்டிய விழா நடத்துவார்கள். அங்கே உட்கார்ந்து ஒரே ஒரு தடவை பாடிவிட வேண்டும் என்பதுதான் பெரியவளின் ஆசை. வேறு எதையும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் சின்னவளுக்கு அழைப்பு வந்தது. பெரியவள் மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை எடுத்தாள். விழாக்காரர்களைப் பார்க்கப் போன சின்னவள், திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"பாட்டுக்காரங்க உக்கார்ற மேடையெல்லாம் பெரிய ஆளுங்களுக்குத்தானாம். புதுசா ஆடறவங்க பாட்டைப் பதிவு பண்ணிக் குடுத்தாப் போதுமாம். நல்லதாப் போச்சுக்கா, நீ லீவு போட வேண்டாம் பாரு."

"அக்கா பாடணும்னு ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தியா?" என்றேன்.

"கேட்டா இருக்கிற வாய்ப்பும் போயிடும் அண்ணி."

பெரியவள் புடவையை மடித்து உள்ளே வைத்தாள். "பதிவு பண்றப்பவாவது வந்து எதிர்ல நில்லுடி, உன் முகத்தைப் பார்த்தாத்தான் எனக்குப் பாட்டு வரும்" என்று கெஞ்சினாள். மகாராணிக்கு அன்றைக்கு ரவிக்கை அளவு கொடுக்க வேண்டுமாம்! நான்தான் கூடப் போனேன். பெரியவள் பதிவுக்கூடத்துக் கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டு, எங்கும் நிற்காமல் நேராகப் பாடிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

விழாவில் எங்களுக்குக் கடைசி வரிசை. அந்தப் புடவையையே கட்டிக்கொண்டு வந்திருந்தாள், பைத்தியக்காரி. ஆடுபவள் பெயர், குருவின் பெயர், விளக்குப் போட்டவர் பெயர் எல்லாம் சொன்னார்கள். பாடியவள் பெயர் மட்டும் வரவில்லை. ஒலிபெருக்கியில் அவள் குரல் எழுந்து தூண்களுக்கு நடுவே சுற்றியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ பாட்டைக் கேட்கவே இல்லை. அவ்வளவு தூரத்தில் என்ன தெரிந்ததோ, தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டின் மூன்றாவது அடியில் சின்னவளின் கை அப்படியே நின்றது. மறந்துவிட்டாள். சட்டென்று பெரியவள் எழுந்து, அந்த அடியை மறுபடி பாடினாள். முணுமுணுப்பு இல்லை, வாய்விட்டே பாடினாள். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, உக்காருங்க! பாட்டைக் கேக்க விடுங்க."

அதற்குள் ஒலிபெருக்கி அடுத்த அடிக்குப் போய்விட்டது. பிறகு அதற்கும் அடுத்தது. சின்னவள் அங்கும் இங்கும் சுற்றினாள், கடைசிவரை பாட்டைப் பிடிக்கவே முடியவில்லை. மரியாதைக்குக் கொஞ்சம் பேர் கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் துணித் தடுப்புக்குள் போனோம். சலங்கையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தவள், அக்காவைப் பார்த்ததும் வெடித்தாள்.

"நான் மறப்பேன்னு உனக்குத் தெரியாதா? அந்த அடியை நாலு தடவை சேர்த்துப் பாடி வெச்சிருந்தா என்ன? மானமே போச்சு எனக்கு!"

என் வாயில் வந்ததை எழுதினால் நன்றாக இருக்காது. பெரியவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பாடினேன்டி," என்றாள். "நீ நின்னதைப் பார்த்துட்டுக் கடைசி வரிசையில எழுந்து நின்னு பாடினேன். பாட்டைக் கேக்க விடுன்னு அதட்டி உக்கார வெச்சுட்டாங்க."